தபாலாபீஸ் இல்லாத ஊருக்கு ஒரு தந்தி

எழுபதுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாதம் நடந்தது இது. அப்போது நான் அபுதாபியைச் சேர்ந்த அல் ஐனில், தண்ணீருக்கு போர் போடும் ஒரு கம்பெனியின் கேம்ப்பில் கிளார்க்காக இருந்தேன். கேம்ப் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு வடக்கே முப்பது மைல் தள்ளி, மலையடிவாரத்துச் சரளைக்காட்டில் எட்டுத் தகர அறைகள், ஒரு மெஸ், ஒரு ஜெனரேட்டர். காலையில் கண் விழித்தால் கல். சாயங்காலம் திரும்பிப் பார்த்தாலும் அதே கல்.

அங்கே போவதற்கு முன் ஒன்பது வருஷம் நான் ரயில் தபாலில் சார்ட்டர் வேலை பார்த்தவன். விழுப்புரத்தில் ஏறினால், ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே கடிதங்களைப் பிரித்து அதனதன் கட்டத்தில் வீச வேண்டும். கிராமம், போஸ்ட், தாலுகா, ஜில்லா. இந்த நாலும் இருந்தால் கடிதம் தானே நடந்து போய்ச் சேரும். ஒன்று குறைந்தால் நானே யோசித்துப் பென்சிலில் எழுதிச் சேர்ப்பேன். அதனால் விலாச விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு தலைக்கனம் இருந்தது. நான் சொல்லப் போவது அந்தத் தலைக்கனம் பட்ட பாட்டைத்தான்.

எங்கள் தலைமை டிரில்லர் ஓர் அமெரிக்கர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாட்டசாட்டமான ஆள், ஆனால் சத்தம் போட்டுப் பேசமாட்டார். நம் ஆட்கள் அவரைப் 'போர்க்காரர்' என்றுதான் சொல்வார்கள். மெஸ்ஸில் சமையல் பார்த்தவர் கீழக்கரைக்காரர். என் வயதுதான் அவருக்கும், ஆனால் கேம்ப் முழுக்க அவருக்குப் பெயர் பாய். அந்த பாய் வைக்கிற மிளகு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் டம்ளரை நீட்டுகிற ஒரே வெள்ளைக்காரர் போர்க்காரர்தான்.

ஒருநாள் ஹெட் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. எல்லோருடைய வீட்டு விலாசத்தையும், அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் பெயரையும் புது அட்டையில் டைப் அடித்து வைக்க வேண்டுமாம். ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். போர்க்காரர் சீட்டில் முதல் வரி ட்ரை ஃபோர்க். இரண்டாவது வரி ரூட் நம்பர் இரண்டு. மூன்றாவது வரியில் வேறு ஏதோ ஒரு டவுனின் பெயர். கடைசியில் மிசௌரி மாகாணம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மனுஷனுக்கு ஒரு விலாசத்தில் இரண்டு ஊரா? சீட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன்.

"உங்கள் ஊர் இதில் எது?" என்றேன்.

"ட்ரை ஃபோர்க்."

"அப்படியானால் கீழே இருக்கிற டவுன்?"

"அங்கிருந்துதான் எங்களுக்குத் தபால் வரும்."

"உங்கள் ஊரில் தபாலாபீஸ் இல்லையா?"

"இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் மூடிவிட்டார்கள்" என்றார்.

அவருக்கு ஊரைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். பழைய டிரில்லிங் தாள் ஒன்றைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட ஆரம்பித்தார். வடக்கே குன்றுகள். அங்கிருந்து ஓர் ஓடை இறங்கி வருகிறது. நன்றாகத்தான் வருகிறதாம். ஆனால் இவர்கள் ஊர் ஆரம்பிக்கிற இடத்தில் சுண்ணாம்புப் பாறையில் இருக்கிற பிளவுகளில் தண்ணீர் இறங்கிப் போய்விடும். அதற்கப்புறம் ஏழெட்டு மைலுக்கு வெறும் கல் படுகை. தெற்கே ஓரிடத்தில் அதே தண்ணீர் பெரிய ஊற்றாகப் பொங்கி வரும், கையை வைத்தால் விறைத்துப்போகும் அத்தனை சில்லிப்பு. நடுவில் இருக்கிற அந்தக் காய்ந்த கிளை ஓடையின் பெயர்தான், ட்ரை ஃபோர்க், ஊருக்கும். முதலில் வந்து குடியேறினவர்கள் தங்கள் மாட்டுக்குத் தண்ணீர் தேடி ஏமாந்த கோபத்தில் வைத்த பெயராக இருக்கும் என்று சிரித்தார். தண்ணீர் இல்லாத ஊர் இல்லை அது, தண்ணீர் காலுக்குக் கீழே போகிற ஊர் என்றார். சின்ன வயதில் தரையில் காதை வைத்துக் கேட்பார்களாம். அப்படிப்பட்டவர் போர் போடுகிற தொழிலுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. அல் ஐனில் பூமிக்கடியில் வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்களே, அதைப் பார்த்த அன்று ராத்திரி வீட்டுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினாராம்.

ஊர் என்றாலும் தெரு கிடையாது. நாலு மைல் நீளத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாய் இருபத்துச் சொச்சம் வீடுகள். ஓர் இரும்புப் பாலம், மூடிப்போன ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், ஒரு சர்ச், ஒரு மாட்டுத்தீவனக் கடை. பஞ்சாயத்து இல்லை, தலைவர் இல்லை, ஊர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்ல ஆள் இல்லை. ரோட்டோரம் பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது. கிழக்கே ஒரு நீண்ட மலைமுகடு. சட்டப்படி ஊர் அந்த முகட்டுக்கு அந்தப் பக்கம் தலைநகர் இருக்கிற ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனால் முகட்டைத் தாண்ட நேர் ரோடு இல்லை. அதனால் சந்தை, டாக்டர், தபால் எல்லாமே மேற்கே இருக்கிற அந்த டவுனோடுதான். அந்த டவுனோ வேறு ஜில்லா. முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இப்படியோர் ஊர் தங்கள் ஜில்லாவில் இருப்பதே பாதி நாள் ஞாபகம் இருக்காது என்றார். அவர் வீட்டைப் படத்தில் ஒரு கட்டமாகப் போட்டு, பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டார். வால்நட் மரங்களாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் அறைக்கு வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்ததும் என்னுள் இருந்த சார்ட்டர் எழுந்துகொண்டான். கிராமம் ஒரு ஜில்லாவிலும் போஸ்ட் இன்னொரு ஜில்லாவிலும் இருந்தால் கடிதம் எப்படிப் போகும்? ரூட் நம்பர் இரண்டாம். பஸ் நம்பரையெல்லாம் யாராவது விலாசத்தில் எழுதுவார்களா? பாவம், அவருக்கு விலாசம் எழுதத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். ட்ரை ஃபோர்க் கிராமம், ட்ரை ஃபோர்க் போஸ்ட், இன்ன ஜில்லா, மிசௌரி என்று அழகாக நாலு வரி அடித்தேன். ரூட்டும் போயிற்று, மேற்கே இருக்கிற டவுனும் போயிற்று. சீட்டைக் கிழித்துப் போட்டேன். பெட்டியிலேயே அழகான அட்டை அதுதான்.

ஆறேழு மாதம் கழித்து அந்த ஜனவரி வந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம் மலைமேல் கறுப்பாக மேகம் கட்டியது. எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. மலையிலிருந்து இறங்குகிற வறண்ட ஆற்றை அங்கே வாதி என்பார்கள். வருஷம் பூராவும் அது வெறும் கல்தான். போர்க்காரர் வாதிக்கு அக்கரையில் இருந்த சைட்டிலிருந்து தனியாகப் பிக்கப்பில் கிளம்பினார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நாலு மணிக்கு ஒரு லாரி வருகிற மாதிரி சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், செம்மண் கரைத்த தண்ணீர் ஆள் உயரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலையில் பிக்கப் கிடைத்தது. இரண்டு மைல் கீழே, தலைகுப்புற, பாதி சரளைக்குள் புதைந்து கிடந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு முள்மரத்தில் அவருடைய தொப்பி மாட்டிக்கொண்டிருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கரையோரமாகத் தேடினோம். போலீஸ் வந்தது. வேறு கேம்ப்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அக்கரைக்கு மட்டும் போக முடியவில்லை. தண்ணீர் வடிந்த பாடில்லை, பாதையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

சனிக்கிழமை காலை அபுதாபியிலிருந்து மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. விஷயம் எப்படியாவது வெளியே போய்விடும், குடும்பத்துக்கு வேறு யார் வாயாலோ தெரிவதைவிட நாம் சொல்வதுதான் மரியாதை என்றார். வெள்ளத்தில் சிக்கிவிட்டார், உயிருடன் இருப்பார் என்ற நம்பிக்கை இல்லை, வருந்துகிறோம் என்று மனைவிக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார்.

நான் பேப்பரைச் செருகும்போது பாய் கதவருகே வந்து நின்றார்.

"மய்யித்தைக் கண்ணால பாக்காம, ஆளு போயிட்டாருன்னு எப்படி சார் தந்தி குடுப்பீங்க? அந்தப் பொம்பள மனசு என்ன பாடுபடும்?"

"நான் என்ன செய்யட்டும் பாய்? மேனேஜர் சொல்லிட்டார்."

"ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்களேன்."

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. எங்கள் தெருவில் தந்திக்காரன் சைக்கிள் நின்றாலே உறையைப் பிரிப்பதற்குள் ஒப்பாரி ஆரம்பித்துவிடும். அதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் அட்டையை எடுத்து, விலாசத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டி அடித்தேன். கண் கலங்கியதால் இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது.

அல் ஐன் தந்தி ஆபீஸில் கவுண்டரில் இருந்தவர் பாகிஸ்தான்காரர். தடிப்புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் ஆபீஸே இல்லையே என்றார். நான் விடுவேனா? கிராமம், போஸ்ட், ஜில்லா எல்லாம் இருக்கிறது, நான் தபாலில் இருந்தவன், தாராளமாகப் போய்ச் சேரும், அனுப்புங்கள் என்றேன். அச்சா என்று தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடாமல் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பழைய லேண்ட் ரோவர் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தாடிவைத்த ஒரு பதூ, பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற அரபி. பக்கத்தில், அவருடைய தலைத்துணியால் கையைத் தூளி கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிராய்ப்போடு போர்க்காரர்.

 பாய்தான் முதலில் எழுந்தார், போய் அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் ரசத்தைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு வந்தார். போர்க்காரர் நின்றபடியே அதைக் குடித்தார். வண்டி புரளும்போது அக்கரைப் பக்கம் தூக்கி எறியப்பட்டாராம். காறை எலும்பு முறிந்திருந்தது. ஆடு மேய்க்கும் ஒரு குடும்பம் அவரைத் தூக்கிப் போய்க் கூடாரத்தில் வைத்துக்கொண்டது. தண்ணீர் வடிகிற வரை மூன்று நாள் பேரீச்சம்பழமும் ஒட்டகப் பாலும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். வண்டி இறங்கி வருகிற மாதிரி ஆனதும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அந்த பதூ ஒரு டீ குடித்துவிட்டு, கலாஸ், வேலை முடிந்தது என்று கையை உதறிக் கிளம்பிப் போய்விட்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அந்த நிமிஷத்தில் போர்க்காரர் கேட்டார், வீட்டுக்கு எதுவும் தெரிவிக்கவில்லையே என்று. மேனேஜர் என்னைப் பார்த்தார். தந்தி கொடுத்துவிட்டோம் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த விஷயம் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய ஒரே மகன் வியட்நாமில் இறந்துபோனவன். செய்தி சொல்ல ராணுவத்தின் கார் இரும்புப் பாலம் தாண்டி வந்தபோது அவர் மனைவி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து பாலத்தில் தெரியாத கார் எது வந்தாலும் அந்த அம்மா உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிடுவார். கார் தாண்டிப் போய்விட்டது என்று யாராவது வந்து சொல்ல வேண்டும்.

தந்தியில் என்ன விலாசம் போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.  அப்படியானால் அது முகட்டுக்கு அந்தப் பக்கம் ஜில்லாத் தலைநகருக்குத்தான் போயிருக்கும், அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை, உடனே கிடைத்திருக்காது என்றார். ஆனால் சாவுச் செய்தி என்று தெரிந்தால் அவர்கள் சும்மா விடமாட்டார்கள், ஷெரிஃப் ஆபீஸில், அதாவது ஜில்லாப் போலீஸில், சொல்லி ஆளை விட்டுத் தேடுவார்கள், ஷெரிஃப்பின் கார் பாலம் தாண்டி வரும் என்றார்.  அந்தக் காருக்கு முன்னால் நம் செய்தி போய்ச் சேர வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவரையும் ஏற்றிக்கொண்டு அல் ஐனுக்குப் பறந்தோம். வழியெல்லாம் அவருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுந்து நடக்கக் கூடாது என்று படுக்க வைத்து ஊசி போட்டுவிட்டார். கண் சொருகுவதற்கு முன் அவர் ஒரு சிகரெட் அட்டையில் தீவனக் கடையின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அவர் வீட்டில் போன் கிடையாது. நீ பேசு என்றார். பக்கத்தில் எத்தனையோ பேர் இருக்க, குற்றவாளி என்னிடமே கொடுத்தார்.

மேனேஜர் ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டார். நானும் பாயும் டெலிபோன் ஆபீஸுக்குப் போய் டிரங்கால் புக் பண்ணினோம். அபுதாபி, லண்டன், அப்புறம் அமெரிக்கா என்று கை மாறி மாறிப் போக வேண்டும். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். வணக்கம் அம்மா, நான் இன்ன கம்பெனியின் கிளார்க் பேசுகிறேன், தங்கள் கணவர் சம்பந்தமாக என்று ஆரம்பித்தேன். பாய்க்கு அதைப் படித்து அர்த்தம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சார் இது? கணவர் சம்பந்தமாகன்னு நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தம்மா உசுரு போயிரும். பேரு ஊரு கம்பெனி எல்லாம் பொறவு சொல்லுங்க. நல்லாருக்காரு, ரசம் குடிச்சாரு, அதை மொதல்ல சொல்லுங்க."

தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஐந்து மணிக்கு லைன் கிடைத்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவாகிப் பழகிப்போய், அவர்களுக்கு ஞாயிறு லீவு என்பதே மறந்து போயிருந்தது. தீவனக் கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. மேற்கே இருக்கிற அந்த டவுனின் ஆபரேட்டர் அம்மா குறுக்கே வந்து, இன்று கடை திறக்கமாட்டார்கள், நாளைக்குக் கூப்பிடுங்கள் என்றார். லைனைத் துண்டிக்கப் போகிறார் என்று தெரிந்தது.

தயவுசெய்து வைத்துவிடாதீர்கள் என்று கத்தினேன். அங்கே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா யாரோடு பேச வேண்டும் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். என் உச்சரிப்பில் அது அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதும் இல்லை. அப்புறம்தான் சட்டைப்பையில் கை வைத்தேன். பையில் அந்தப் படம் இல்லை, அது கேம்ப்பில் பெட்டிக்குள் கிடந்தது. ஆனால் மனதுக்குள் கோடு கோடாக இருந்தது. ஒன்பது வருஷம் ஊர்களை மனப்பாடம் பண்ணிய தலை அது ஒன்றுக்காவது உதவியது.

உங்கள் டவுனிலிருந்து கிழக்கே போனால் ஓர் இரும்புப் பாலம் வரும் என்றேன். பாலம் தாண்டினால் மூடிப்போன பள்ளிக்கூடம். அதற்கு எதிரே தீவனக் கடை. அங்கிருந்து வடக்கே அரை மைல் போனால், ஓடைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற இடம். அதன் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டுக்கு முன்னால் இரண்டு வால்நட் மரம். அந்த வீட்டு அம்மாவோடு நான் பேச வேண்டும்.

  பிறகு அந்த அம்மா, நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். அரேபியாவிலிருந்து என்றேன். ட்ரை ஃபோர்க்குக்கு வந்திருக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். அந்த வீட்டை எனக்குத் தெரியும், இருங்கள், பாதிரியார் வீட்டில் போன் இருக்கிறது, ஓடிப்போய் அழைத்து வருவார்கள் என்றார். நீண்ட நேரம் ஆகும், லைனை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் வைத்துவிடாதீர்கள் என்று என் வார்த்தையையே எனக்குத் திருப்பிச் சொன்னார். என்ன விஷயம் என்று அவர் கேட்கவேயில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பாய் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். கடைசியில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் மூச்சு.

"நல்லா இருக்கிறார் அம்மா" என்று இங்கிலீஷில் சொன்னேன். "உங்கள் கணவர் நல்லா இருக்கிறார். கையில் அடி, வேறு ஒன்றுமில்லை. மத்தியானம் ரசம் குடித்தார்."

 பிறகு மெல்லிய குரலில் ஒரு கேள்வி வந்தது. "அந்த மிளகு சூப்பா?"

போர்க்காரர் அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. ஆமாம், இரண்டு டம்ளர் என்றேன். அந்தப் பக்கம் அந்த அம்மா அழ ஆரம்பித்தார். இந்தப் பக்கம் நான். பாய் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, தெரிந்த இங்கிலீஷில், "மேடம், குட், குட், ஆல் குட்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு தந்தி வந்துகொண்டிருக்கிறது, அதில் இருப்பது பொய், அதை அனுப்பியவன் நான்தான், மன்னிக்க வேண்டும் என்றேன். ஒரு கார் வரலாம், பயப்படாதீர்கள் என்றேன். சரி என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.  பாய் இரண்டு டீ வாங்கி வந்தார். அப்படி ஒரு டீயை அதற்கப்புறம் நான் குடித்ததில்லை.

ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு, அமெரிக்காவிலிருந்து. அந்த அம்மா எழுதியிருந்தார். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஷெரிஃப்பின் கார் பாலத்தில் வந்ததாம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் உள்ளே போகவில்லை, வாசலில் நின்று, காரில் வந்த அந்தப் போலீஸ் பையனுக்காகக் காத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். வந்தவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றியிருக்கிறான். அவனை உட்கார வைத்து, விஷயத்தைச் சொல்லி, சாப்பிட வைத்து அனுப்பினாராம்.

கடிதத்தோடு அந்தத் தந்தி உறையும் இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமே. இந்தப் பெயரில் போஸ்ட் கிடையாது என்று ஒரு கை. இந்த டவுனில் இப்படி யாரும் இல்லை என்று இன்னொரு கை. முகட்டுக்கு மேற்கே விசாரிக்கவும் என்று பென்சிலில் மூன்றாவது கை. சனிக்கிழமை முழுவதும் அது கதவு கதவாகத் தட்டியிருக்கிறது. ரூட் நம்பர் என்பது பஸ் நம்பர் இல்லை, டவுனிலிருந்து தபால்காரர் சுற்றி வருகிற வழியின் நம்பராம். நான் மட்டும் போர்க்காரர் எழுதிக் கொடுத்தபடியே ரூட் நம்பர் இரண்டு என்று அடித்திருந்தால், சனிக்கிழமை காலையிலேயே நேராக அந்த அம்மா கைக்குப் போயிருக்கும். என் தப்பு ஒரு நாளை வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதை என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அதே தப்பு, நிஜமாகவே அவசரமாகப் போக வேண்டிய ஒரு செய்தியையும் இப்படியே நிறுத்தி வைத்திருக்கும் அல்லவா? உறையின் அடியில், என் அழகான நாலு வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, ரூட் நம்பர் இரண்டு, மேற்கே இருக்கிற டவுன், மிசௌரி என்று அந்த அம்மா குண்டு குண்டாக எழுதியிருந்தார். அடுத்த தடவைக்கு என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு.

போர்க்காரரிடம் காட்டினேன். தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார். அன்றே புது அட்டை அடித்தேன், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு யாராவது தன் ஊரைச் சொன்னால் சொன்னபடியே எழுதிக்கொள்வேன், என் புத்திசாலித்தனத்தைச் சேர்ப்பதில்லை. இன்னொரு பழக்கமும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒட்டிக்கொண்டது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போன் பண்ணினால், ஹலோ சொல்வதற்கு முன்பே "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றுதான் என் வாயில் வரும். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று அவர்கள் கேலி பண்ணுவார்கள். மறுமுனையில் பேச்சில்லாமல் வெறும் மூச்சை மட்டும் ஒருநாள் கேட்டவனுக்கு அந்த வரியைக் கடைசியில் சொல்ல மனசு வருமா?